துளி அக்காவின் பிரேக்

நாற்காலிக்கும் துளிக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கால் ஆட ஆரம்பிக்கும். பிறகு எழுந்து தண்ணீர் குடிப்பாள், ஜன்னலைத் திறப்பாள், திறந்ததை மூடுவாள், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாசலுக்குப் போவாள். சினிமாவுக்குக் கூட்டிப்போனால் பாதிப் படத்தை வெளியே வண்டிகளுக்கு நடுவில் நின்று காதால் கேட்பாள். இப்படிப்பட்டவளைத்தான் ரத்தப் பரிசோதனை லேபின் முன்னறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்து பில் போடச் சொல்லப் போகிறார்கள். காரணம், அவளுக்கு பிரேக் பிடிக்கத் தெரியாதாம்.

வருஷக்கணக்காக வண்டியிலேயே பிழைப்பு நடத்துகிறவளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? வேறு யாராவது சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். சொன்னவன் சொந்தக் கொழுந்தன். அதுவும் லேபுக்குப் பின்னாலிருக்கும் காலி இடத்தில், கூட வேலை செய்கிற அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு சொன்னான்.

அவள் வேலை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், கைக்குழந்தைகள், ஊசியைக் கண்டதும் கண்ணைச் செருகும் வாட்டசாட்டமான ஆம்பிளைகள், எல்லோரும் அவள் கைக்குத்தான் காத்திருப்பார்கள். குத்தி எடுப்பது பாதி வேலை. எடுத்ததைக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பது மீதி. டியூபுக்குள் ரத்தம் அலைக்கழிந்தால் அதிலுள்ள செல் உடைந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்துவிடும். சிவந்தால் அது குப்பைக்கு. மறுபடி போய், மறுபடி மன்னிப்புக் கேட்டு, மறுபடி குத்த வேண்டும். மற்றவர்களுக்கு அப்படி அவ்வப்போது போகும். இவளுக்குப் போனதே கிடையாது. ஒரு துளி வீணாக்க மாட்டாள் என்று லேபில் யாரோ சொல்லப்போய், துளி என்பதே பெயராகி, அவளைவிட மூத்தவர்கள்கூட துளி அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பெயரில் தனக்கிருந்த கர்வத்தை மறைக்க அவள் மெனக்கெட்டதும் இல்லை.

கர்வம் மொத்தமும் அவள் வலது கையில் இருந்தது. தூரத்தில் சிக்னல் மஞ்சளாகும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவாள். முன்னால் போகும் பஸ்ஸின் படிக்கட்டில் யாராவது இறங்கத் தயாராக நிற்கிறார்களா என்று பார்த்து, பஸ் நிற்பதற்கு முன்பே இவள் நிற்கத் தொடங்குவாள். பிரேக்கை இரண்டு விரலால் தொடுவாள், அவ்வளவுதான். சடாரென்று பிரேக் அடிப்பது அவளைப் பொறுத்தவரை, முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கத் துப்பில்லாதவன் செய்கிற காரியம்.

போன மழையில் கூட வேலை செய்யும் ஒருவன் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மேனேஜர் பழைய வண்டிகளை மாற்றி, அப்படிச் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிகளை எல்லோருக்கும் வாங்கினார். வண்டி கொடுத்தால் போதாது, பிடிக்கவும் தெரிய வேண்டும் என்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஆளையும் வரவழைத்தார். வந்து இறங்கியது அவளுடைய கொழுந்தன்.

"அண்ணி, நாற்பதுல வாங்க. இந்தக் கோட்டைத் தொட்டதும் கை பிரேக், கால் பிரேக் ரெண்டையும் முழுசா அழுத்துங்க. பாதி கிடையாது, முழுசு. அந்தச் சிவப்புக் கூம்புக்கு முன்னாடி நிக்கணும்."

வந்தாள். கோட்டைத் தொட்டாள். இரண்டு விரல் தானாகவே முன்னால் வந்தது. வண்டி கூம்பைத் தாண்டி, அடுத்த கூம்பையும் தாண்டி, ஜெனரேட்டர் அறை வாசலில் போய் அலுங்காமல் நின்றது.

"அண்ணி, ஸ்டாப்பிங் போயிருச்சு. அடுத்ததுல இறங்கிக்கோங்க," என்றான். கொல்லென்று சிரிப்பு எழுந்தது.

இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நாலு விரலாலும் பிடித்தாள். விரலுக்கடியில் பிரேக் கம்பி டக்டக்கென்று துடித்தது. பல்லியின் மேல் கை வைத்தவள் மாதிரி வெடுக்கென்று விட்டுவிட்டாள். மூன்றாவது தடவையும் அதே கதைதான்.

"அந்தத் துடிப்புதான் அண்ணி ஏபிஎஸ்," என்று அவன் பொறுமையாகச் சொன்னான். "சக்கரம் பூட்டிக்கப் பாக்கும்போது அது விட்டு விட்டுப் பிடிக்குது. அதான் வழுக்காம நேரா நிக்குது. நீங்க கையை எடுக்காம இருந்தா போதும். நீங்க விட்டீங்கன்னா அதுவும் விட்டுரும். அப்புறம் அந்த வண்டில ஏபிஎஸ் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"ஒரு சாமான் கைக்குள்ள துடிச்சா ஏதோ உடையுதுன்னு அர்த்தம். எங்க வேலைல அப்படித்தான்."

"இதுல துடிச்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மேனேஜர் தாளைப் பார்த்தார். துளியைத் தவிர எல்லோருக்கும் தேர்ச்சி. "நாளைக்கு மத்தியானம் ஒரு சான்ஸ் கொடுக்கறேன்மா," என்றார். "அதுலயும் பிரேக் வரலேன்னா பில்லிங்ல உக்காந்துக்கோங்க. சம்பளம் குறையாது. இன்னொரு எலும்பு உடையறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல." அவர் கெட்டவரில்லை. அதனாலேயே அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள், வாசலிலிருந்து வந்து மடித்த துணியையே மறுபடி மடித்தாள். குக்கர் கைப்பிடியைப் பிடித்து நாலு விரலால் இறுக்கிப் பார்த்தாள். ஈரத் துணியைப் பிழிந்து பார்த்தாள். கையில் வலுவுக்குக் குறைச்சல் இல்லை. துணியில் சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. பிறகு ஏன் அந்தக் கம்பியைப் பிடிக்கும்போது மட்டும் கை கேட்கமாட்டேன் என்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"உக்காந்து சம்பளம் வாங்கக் கசக்குதா உனக்கு?" என்றார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறி இறங்குவதே தொழிலாகக் கொண்ட மனுஷன் இன்னொருத்தியை உட்காரச் சொல்வதில் என்ன நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"நீங்க போய் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு நாள் உக்காருங்க. அப்புறம் பேசுங்க."

"ஏசி ரூம்."

"பிரிட்ஜுக்குள்ளகூட ஏசிதான். போய் உக்காருங்களேன்."

அந்த நேரத்தில்தான் கொழுந்தன் வந்தான், கையில் ஒரு கனமான பையோடு. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன். அவனுக்குச் சைக்கிள் பின்னால் ஓடி ஓடிப் பழக்கிவிட்டதே இவள்தான். அதைக் காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றியது.

"சாப்பிட்டியா?" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"அப்புறம். முதல்ல வண்டியைக் காட்டுங்க."

வண்டியின் பின்னால் அவளுடைய சாம்பிள் பெட்டி இருந்தது. புது வண்டி வந்த அன்றே பழைய வண்டியிலிருந்து கழற்றி அவளே கட்டிக்கொண்டது. கொக்கி வைத்த ரப்பர் கயிறு இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து மாட்டியிருந்தாள். அடியில் ஒரு பஞ்சு மெத்தை. கொழுந்தன் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். பெட்டி சீட்டின் மேல் முன்னால் ஓடி, நின்று, ரப்பர் இழுத்த இழுப்பில் திரும்பிப் போனது.

"அண்ணி, ஏறி உக்காருங்க."

உட்கார்ந்தாள். அவன் மறுபடி தள்ளினான். ஐஸ் பேக்கும் டியூப் தட்டும் நிரம்பிய பெட்டி நடுமுதுகில் வந்து மோதியது.

"காலைல எல்லாரும் பெட்டி இல்லாம ஓட்டிக் காட்டினாங்க. நீங்க மட்டும் கழட்ட மாட்டேன்னுட்டீங்க. இது கயித்துல கட்டினது அண்ணி. நீங்க இறுக்கிப் பிடிச்சா இது உங்க முதுகுல வந்து ஏறும். இத்தனை வருஷமா உங்க கைக்கு அது தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

"ரப்பர் இருந்தாதான் குலுக்கல் டியூபுக்குப் போகாது," என்றாள். "போல்ட் போட்டு இறுக்கினா ரோட்டுல இருக்கற குழியெல்லாம் நேரா ரத்தத்துக்குப் போகும். அதெல்லாம் யோசிச்சுத்தான் கட்டியிருக்கேன்."

"டியூபுக்கு யோசிச்சீங்க. உங்களுக்கு?"

அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் அவன் ரப்பர் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பெட்டியை அசையாமல் பிடிக்க, பையிலிருந்த இரும்புத் தட்டை வண்டியின் பின்கம்பியில் வைத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். கணவர் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் இந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடாது.

ஐஸ் பேக்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் பிரித்து வைத்தான். கனம் உயரத்தில் இல்லாமல் கீழே இருந்தால் வண்டி தள்ளாடாது என்றான். பையின் பட்டை பின்சக்கரத்துப் பக்கம் போகும் மெல்லிய வயரின் மேல் உரசாமல் இரண்டு தடவை மாற்றிக் கட்டினான். அந்த வயர்தான் சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று ஏபிஎஸ்ஸுக்குச் சொல்வது; அது நசுங்கினால் எல்லாம் வீண் என்றான். பெட்டிக்குள் டியூப் தட்டைச் சுற்றி அவளே பஞ்சு வைத்து அடைத்தாள். அதை மட்டும் அவனைத் தொடவிடவில்லை. ஒரு சின்ன ஐஸ் பேக்கையும் டியூபுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குத் துடிக்கும். விடாதீங்க," என்றான் கிளம்பும்போது.

"நீ சைக்கிள் கத்துக்கிட்டப்ப உன்னை நான் விட்டேனா?" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை இரண்டு வீடு முடித்து மூன்றாவது வீட்டுக்குப் போனாள். மாடியில் ஒரு கைக்குழந்தை. பால் சரியாகக் குடிக்காமல் இளைத்துக்கொண்டே போகிறது, என்னவென்று தெரியவில்லை. தாய் இவளைத்தான் வரச்சொல்லிக் கேட்டிருந்தாள்.

"போன தடவை வேற ஒருத்தர் வந்து எடுத்தாரு. அது கெட்டுப்போச்சுன்னு சொல்லி மறுபடி வந்து குத்தினாங்க," என்றாள் அந்தத் தாய். குழந்தையின் புறங்கையில் பழைய நீலத் தழும்பு இன்னும் ஆறாமல் இருந்தது. "துளி அக்கா எடுத்தா வீணாகாதுன்னு சொன்னாங்க. அதான் உங்களையே அனுப்பச் சொன்னேன்."

"என் கையில போனது கிடையாதும்மா. தைரியமா இருங்க."

நரம்பு அகப்படவில்லை. குளிர்ந்த சின்னக் கையைத் தேய்த்துச் சூடாக்கி, பட்டையைக் கட்டி, தட்டி, தடவி, முதல் குத்து வீணாகி, இரண்டாவதில்தான் ரத்தம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, கெஞ்சிக் கூத்தாடி வந்தது. குழந்தையைவிட அதிகமாகத் தாய் அழுதாள். அந்தச் சின்ன டியூபைப் பஞ்சுக்கு நடுவில் வைத்து மூடும்போது துளிக்குப் பெட்டியில் இருப்பது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

லேபுக்குத் திரும்பும் வழியில் குடோன்கள் இருக்கும் தெரு. காலை நேரத்தில் அங்கே கூட்டம் இராது, சாலையும் நேராக இருக்கும். மத்தியானத்துப் பரீட்சை நினைவு ஒரு பக்கம் அரித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கூம்பு, மேனேஜர், கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் தன் முகம். வேகம் நாற்பதைத் தொட்டிருந்தது.

இரண்டு குடோன்களுக்கு நடுவிலிருந்த சந்திலிருந்து ஒரு ஆளின் முதுகு வெளியே வந்தது. லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி வழிகாட்டும் கிளீனர். முகம் லாரியைப் பார்த்து இருந்தது, இரண்டு கையும் காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன, கால்கள் பின்பக்கமாகவே நடந்து சாலைக்கு வந்தன. "வா வா வா, வரட்டும், இன்னும் வரட்டும்," என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தான். எதிர்ச்சாரியில் ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை.

துளியின் இரண்டு விரல் முன்னால் வந்தது. வண்டியின் வேகம் மெதுவாகக் குறைந்தது, குழந்தைக்கு வலிக்காமல், டியூபுக்கு வலிக்காமல். முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்பாக்கெட்டில் சொருகியிருந்த சீப்பு தெரிந்தது. சீப்பில் ஒரு பல் உடைந்திருந்ததுகூடத் தெரிந்தது. அப்போதுதான் நாலு விரலும் கம்பியின் மேல் விழுந்தன, காலும் அழுந்தியது. கைக்குள் அது துடித்தது. டக்டக்கென்று எலும்புவரை துடித்தது. விட்டுவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் விடவில்லை. பின்னால் பெட்டி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வண்டி இம்மி பிசகாமல் நேராக நின்றது.

கிளீனர் இன்னொரு அடி பின்னால் வைத்தான். அவன் குதிகால் அவளுடைய முன்டயரில் இடித்தது. கல்லோ என்னவோ என்று நினைத்தானோ, திரும்பிக்கூடப் பார்க்காமல் காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி," என்றான்.

அவனைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உயிர் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அது தன் உயிரா அவன் உயிரா என்று சொல்லத் தெரியவில்லை. லாரி சாலைக்கு வந்து, அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டு, அது போய் மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். ஒன்று மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. முதலில் வந்தது இரண்டு விரல்தான்.

லேபில் டெக்னீஷியன் டியூபுகளைச் சுழற்றும் மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். மற்றவையெல்லாம் தெளிந்திருந்தன. சின்ன டியூப் மட்டும் சிவந்திருந்தது.

"துளி அக்கா, உங்களுக்கா?" என்றான், அவனாலேயே நம்ப முடியாமல். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "பச்சைக் குழந்தை. ரெண்டு தடவை குத்தினேன்னு சொல்றீங்க. எடுக்கும்போதே உடைஞ்சிருக்கும் அக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க. அப்படியே எழுதிடறேன்."

அப்படியும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. தலையை ஆட்டினால் போதும், பேர் காப்பாற்றப்பட்டுவிடும்.

"இல்லப்பா. வழியில சடார்னு பிரேக் அடிச்சேன். பெட்டிக்குள்ள வச்ச ஐஸ் பேக் டியூப் மேல வந்து விழுந்திருக்கு. திறந்தப்ப பாத்தேன். அப்படியே எழுது."

மத்தியானம் பின்புறத்துக் காலி இடத்தில் அவள் வண்டியில் வந்தாள், கோட்டைத் தொட்டாள், பிடித்தாள். துடித்தது, விடவில்லை. கூம்புக்கு வெகு முன்னாலேயே நின்றாள். கை தட்டினார்கள். மேனேஜர் நிம்மதியாக மூச்சுவிட்டு, இனி வண்டி உங்களுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டார். நேற்று ராத்திரி வரை இந்தக் கைதட்டலுக்காக எதையும் கொடுத்திருப்பாள். இப்போது அது யாருக்கோ நடப்பது போல இருந்தது.

கொழுந்தன் பக்கத்தில் வந்தான். "எப்படி அண்ணி, ஒரே ராத்திரியில?"

நடந்ததைச் சொன்னாள். சீப்பைப் பற்றியும் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தான், அது அசையவில்லை. ரப்பர் கயிற்றோடு இருந்திருந்தால் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லட்டா, அந்த வீட்டுக்கு?" என்றான்.

"நான் போறேன்."

குழந்தை வீட்டு மாடிப்படியை மறுபடி ஏறினாள். கதவைத் திறந்த தாய் அவளையும் அவள் கையிலிருந்த பையையும் பார்த்தாள். கேட்காமலே புரிந்துகொண்டுவிட்டாள்.

"நீங்களுமா?" என்றாள்.

"மன்னிச்சிரும்மா. கெட்டுப்போச்சு. மறுபடி எடுக்கணும்."

"உங்க கையில போனதே இல்லைன்னீங்களே. நம்பித்தானே கொடுத்தேன்." குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தாய் அதன் கையை இறுக்கி மூடிக்கொண்டாள். "என்ன பண்ணுனீங்க, கீழ போட்டீங்களா?"

"வழியில ஒரு ஆளு குறுக்க வந்துட்டாரு. பிரேக்கை முழுசா பிடிக்க வேண்டியதாயிருச்சு."

"மெதுவாப் பிடிச்சிருக்கக் கூடாதா?"

துளி பையைக் கீழே வைத்தாள். இதைச் சொல்லாமல் போய்விடலாம், சொன்னால் தனக்கு எந்த லாபமும் இல்லை. "முதல்ல மெதுவாத்தாம்மா பிடிச்சேன்," என்றாள். "உங்க குழந்தை டியூப் உள்ள இருக்கேன்னு. அவரு முதுகு கண்ணு முன்னாடி வந்த பிறகுதான் முழுசாப் பிடிச்சேன். இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா அந்த மனுஷன் இல்ல."

தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல. அப்படி ஒண்ணு நடந்ததே அவருக்குத் தெரியாது."

தாய் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடிக்கு மாற்றினாள். அது சிணுங்கிக் கண் விழித்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"இனிமே என் புள்ளைய நினைச்சுக்கிட்டு வண்டி ஓட்டாதீங்க," என்று சொல்லி, குழந்தையின் அடுத்த கைச் சட்டையை மேலே ஏற்றிவிட்டாள்.